வாய் சொல்லும் காரணமும் மூளை செய்த காரியமும்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். சோதனைக்கு உட்பட்டவன் பதின்ம வயதுப் பையன். ஆய்வுக் கட்டுரைகளில் அவன் பெயர் பி.எஸ்., அவ்வளவுதான். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய் என்பதால், மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கிற கார்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றையை மருத்துவர்கள் வெட்டியிருந்தார்கள். சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓடுகிற கற்றை அது. இந்த அறுவைக்குப் பிறகு ஆளைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பேசுவார், நடப்பார், சிரிப்பார். ஆனால் இடது மூளைக்குத் தெரிந்தது வலது மூளைக்குப் போகாது, வலது மூளைக்குத் தெரிந்தது இடதுக்கு வராது.

பையனைத் திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மைக்கேல் கேஸானிகாவும் ஜோசப் லெடூவும் கண நேரத்துக்கு இரண்டு படங்களைக் காட்டினார்கள். வலப்பக்கம் ஒரு கோழியின் கால். அது இடது மூளைக்குப் போகும், பேச்சு இருப்பது அங்கேதான். இடப்பக்கம் பனி மூடிய ஒரு வீடு. அது பேச முடியாத வலது மூளைக்குப் போகும். பிறகு எதிரே பரப்பி வைத்த படங்களிலிருந்து, பார்த்ததற்குப் பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். வலது கை கோழிப் படத்தைக் காட்டியது, சரி. இடது கை பனி அள்ளுகிற ஷவலைக் காட்டியது, அதுவும் சரி, ஏனென்றால் அந்தக் கையை நடத்துகிற வலது மூளை பார்த்தது பனியை.

இப்போது ஏன் இவை இரண்டையும் எடுத்தாய் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது இடது மூளை, அதுவோ பனியைப் பார்க்கவே இல்லை. "தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதிலாக இருந்திருக்கும். பையன் கொஞ்சமும் தயங்கவில்லை. அது சுலபம், கோழிக்கால் கோழிக்குப் பொருந்தும், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய ஷவல் வேண்டுமே என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை, இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இல்லை, சமாளிக்கிறோம் என்ற உணர்வும் இல்லை. தன் இடது கை ஷவலைக் காட்டிக்கொண்டிருப்பது அவன் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு ஒரு காரணம் வேண்டும், கையில் இருக்கிற தகவலை வைத்து இடது மூளை ஒரு காரணத்தை உண்டாக்கிவிட்டது, உண்டாக்கிய கையோடு அதை நம்பியும் விட்டது. இடது மூளையின் இந்த வேலைக்குக் கேஸானிகா 'விளக்குபவர்' என்று பெயர் வைத்தார். அவருடைய ஆசிரியர் ரோஜர் ஸ்பெரி. 1960களில் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இந்த ஆய்வு வரிசையைத் தொடங்கியவர், அதற்காக 1981இல் நோபல் பரிசு பெற்றவர்.

எனக்கு இந்த 'விளக்குபவர்' ஒரு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளரைப் போலத்தான் தெரிகிறது. முடிவு எடுக்கும் அறைக்குள் அவர் இருந்திருக்க மாட்டார், ஆனால் மைக் முன்னால் நிற்பவர் அவர்தான், அரசு என்ன நினைக்கிறது என்று நமக்குத் தெரிவதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லவருவது இதைத்தான்: பேசுகிற பகுதியை மொத்த மனமாக நாம் எடுத்துக்கொள்கிறோம், மனிதரிடமும் அப்படித்தான், இப்போது இயந்திரத்திடமும் அப்படித்தான், அதனால் இரண்டு பக்கமும் தவறுகிறோம்.

மூளை வெட்டப்பட்டவர்களுக்குத்தானே இதெல்லாம், நமக்கென்ன என்று தோன்றலாம். 2005இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யொஹான்சனும் லார்ஸ் ஹாலும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பங்கேற்றவர்கள் 120 பேர், எல்லோருக்கும் முழு மூளை. இரண்டு பெண்களின் புகைப்படங்களைக் காட்டி, எந்த முகம் பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். கை காட்டியதும் அந்தப் படத்தைக் கையில் கொடுத்து, ஏன் பிடித்தது என்று சொல்லச் சொல்வார்கள். சில சுற்றுகளில் மட்டும், மேஜிக்காரர் செய்வதுபோலச் சீட்டை மாற்றி, வேண்டாம் என்று விட்ட முகத்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலான தடவை யாரும் கவனிக்கவே இல்லை, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை விவரமாகச் சொன்னார்கள். எனக்குக் காதணி பிடிக்கும் என்றார் ஒருவர். அவர் உண்மையில் தேர்ந்தெடுத்த பெண் காதணியே போட்டிருக்கவில்லை.

நோயின் பக்கம் போனால் இன்னும் தீவிரமான உதாரணங்கள் கிடைக்கும். வலது மூளையில் பக்கவாதம் வந்து இடது கை முழுக்கச் செயலிழந்த சிலர், கைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சாதிப்பார்கள். கையைத் தூக்குங்கள் என்றால் தோள்பட்டை வலி என்பார்கள், இப்போது மனமில்லை என்பார்கள். இதை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த நோயாளிகள் மற்ற எல்லா விஷயத்திலும் தெளிவாகப் பேசுகிறவர்கள் என்பதுதான் பார்ப்பவரை உலுக்கும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம்.

2025 மார்ச்சில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மனிதர் எழுதியதைப் படித்துப் பேசக் கற்ற தங்களுடைய கிளாட் 3.5 ஹைக்கூ என்ற மொழி மாதிரியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தடம் பிடித்துப் பார்த்த ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் தயாரிப்பைத் தாங்களே ஆராய்ந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும், ஆனாலும் அதில் இருக்கிற ஒரு சின்னக் கணக்கு நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. 36ஐயும் 59ஐயும் கூட்டச் சொல்கிறார்கள், 95 என்று சரியாகச் சொல்கிறது. உள்ளே பார்த்தால் அது நாம் பள்ளியில் கூட்டுகிற மாதிரி கூட்டவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வழிகள் ஓடுகின்றன: ஒன்று, விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று குத்துமதிப்பாகப் பார்க்கிறது, இன்னொன்று, 6இல் முடிகிற எண்ணும் 9இல் முடிகிற எண்ணும் சேர்ந்தால் கடைசி இலக்கம் 5 என்பதை மட்டும் துல்லியமாகப் பிடிக்கிறது. இரண்டும் கலந்து 95 வருகிறது.

அப்புறம் அதனிடமே எப்படிக் கூட்டினாய் என்று கேட்டார்கள். ஒன்றாம் இடத்தைக் கூட்டினேன், 15 வந்தது, 1ஐ மீதி எடுத்துக்கொண்டேன், பிறகு பத்தாம் இடத்தைக் கூட்டினேன் என்று பள்ளிக்கூட வழியைச் சொன்னது. ஷவலும் கோழிக் கொட்டகையும்!

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. காரணம் வேறு. பையனின் இடது மூளை கண்ணெதிரே இருந்த துணுக்குகளை வைத்துக் காரணத்தை இட்டுக்கட்டியது. மொழி மாதிரியோ, கூட்டலை எப்படி விளக்குவது என்பதை மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து கற்றது, கூட்டலை எப்படிச் செய்வது என்பதை யாரும் சொல்லித்தராமல் பயிற்சியின்போது தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. செய்யும் வழியும் சொல்லும் வழியும் வேறு வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவை, ஒன்றையொன்று பார்க்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு வரவில்லை. காரணம் வேறாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: சரளமான, நம்பும்படியான, தவறான விளக்கம்.

கணக்கில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். 2023இல் வந்த மற்றொரு ஆய்வில், பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற எடுத்துக்காட்டுக் கேள்விகளின் சரியான விடைகள் எல்லாம் 'ஏ' என்றே வருமாறு வேண்டுமென்றே அடுக்கிக் கொடுத்துவிட்டு, புதிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். மொழி மாதிரி அந்த அடுக்கின் பக்கம் சாய்ந்து தவறாக 'ஏ' என்று சொல்வது அதிகமானது. ஆனால் படிப்படியாக அது எழுதிய காரண விளக்கத்தில் "முன்னால் எல்லாமே ஏ ஆக இருந்தது" என்பது ஏறக்குறைய எங்குமே வரவில்லை. கடன் கொடுக்கலாமா, யாரை வேலைக்கு எடுக்கலாம், ஸ்கேனில் கட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் ஏஐயிடம் கேட்டுவிட்டு, காரணமும் சொல்லிவிட்டது, அதனால் பரவாயில்லை என்று நிம்மதியடைகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் சொல்வது ஒரு திறமை, அந்தக் காரணத்தால்தான் முடிவு எடுத்ததா என்பது வேறு கேள்வி.

இந்த இடத்தில் மூளை ஆய்வாளர்களுக்கு இல்லாத ஒரு வசதி ஏஐ ஆய்வாளர்களுக்கு உண்டு. உயிரோடிருக்கும் மனித மூளையில் ஒவ்வொரு நரம்பணுவையும் பார்க்க முடியாது, கை வைத்து மாற்றவும் முடியாது. மொழி மாதிரி எண்களால் ஆனது, அந்த எண்கள் எல்லாமே கண்முன்னால் இருக்கின்றன. அதே 2025 ஆய்வில், டாலஸ் நகரம் இருக்கும் மாநிலத்தின் தலைநகரம் எது என்று கேட்டால் உள்ளே முதலில் 'டெக்சஸ்' என்ற கருத்து விழித்துக்கொள்கிறது, பிறகு 'ஆஸ்டின்' வருகிறது. அந்த 'டெக்சஸ்' இடத்தில் 'கலிஃபோர்னியா'வை வைத்தால் விடை 'சாக்ரமென்டோ' ஆகிவிடுகிறது. வாய் சொல்லும் காரணத்தை நம்பாமல் உள்ளே கைவிட்டுச் சரிபார்ப்பது என்றால் இதுதான். இந்த முறையிலும் நடப்பதில் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடிகிறது என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பேச்சு இருந்தால் சிந்தனை இருக்கிறது என்று எண்ணுவது ஒரு தவறு. பேச்சு இல்லையென்றால் சிந்தனை இல்லை என்று எண்ணுவது அதைவிடக் கொடிய தவறு, அது வீட்டுக்கு வீடு நடக்கிறது.

1861இல் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற 51 வயதுக்காரரை மருத்துவர் பால் ப்ரோகா பார்த்தார். கால் அழுகி, சாகும் தறுவாயில் இருந்தவர். 21 ஆண்டுகளாக அந்த மருத்துவமனையில் இருந்தவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் 'தான்' என்ற ஒரே ஓசை, பெரும்பாலும் இரண்டு முறை அடுக்கி. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு. அங்கே எல்லோரும் அவரை 'தான்' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் ப்ரோகா கேட்டபோது எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதை விரல்களால் சரியாகக் காட்டினார். சில நாட்களில் அவர் இறந்ததும் மூளையைத் திறந்து பார்த்த ப்ரோகா, இடது முன்மடலில் சேதத்தைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் இடமுண்டு என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டதற்கு அந்த மூளைதான் ஆதாரம். பாடநூல்கள் இடத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. விரல்களை மடக்கி விரித்து ஆண்டுக்கணக்குச் சொன்ன மனிதரை நான் அப்படிக் கடந்துபோக மாட்டேன்.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது வந்து பார்த்தவர்களெல்லாம் அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். "அவருக்கு எதுவும் புரியாது, குழந்தை மாதிரிதான்" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். காலையில் பால்காரர் கொடுத்த மீதிச் சில்லறையைப் பெரியப்பா மேசைமேல் பரப்பி, ஒரு நாணயத்தை ஆள்காட்டி விரலால் தனியே தள்ளி, பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு ரூபாய் குறைந்திருந்தது. 'பால்' என்ற சொல் அவருக்கு வராது. பேத்தியின் பெயர் வராது. சிறுவயதில் மனப்பாடம் செய்த பதிகத்தை மட்டும் யாராவது எடுத்துக் கொடுத்தால் கூடவே நாலைந்து வரி சொல்வார், அதை வைத்து "பேச்சு வந்துவிட்டது" என்று வீடு முழுக்கச் சந்தோஷப்படும், அடுத்த நிமிடம் தண்ணீர் கேட்க முடியாமல் கையை ஆட்டுவார். மனப்பாடமான வரிகளும் பாட்டும் எண்ணிக்கையும் வசவும் பிழைத்துக்கொள்வது அஃபேசியா என்கிற இந்தப் பேச்சிழப்பில் பொதுவாகப் பார்க்கிற ஒன்று.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். 2005இல் ரோஸ்மேரி வார்லியும் உடன் பணியாற்றியவர்களும் இலக்கண அறிவு கடுமையாகச் சிதைந்த மூன்று பேரைச் சோதித்தார்கள். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்ற வேறுபாட்டை அவர்களால் வாக்கியத்தைப் பார்த்துப் பிடிக்க முடியவில்லை. ஆனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணைக் கழிக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எவெலினா ஃபெடோரென்கோவின் குழு, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனை ஆண்டுக்கணக்காக எடுத்துக் காட்டுவதும் இதையே. இடது மூளையின் முன்பக்கத்திலும் பொட்டுப் பக்கத்திலும் இருக்கிற மொழிப் பகுதிகள் படிக்கும்போதும் கேட்கும்போதும் பேசும்போதும் சுறுசுறுப்பாகின்றன, கணக்குப் போடும்போதும் புதிர் அவிழ்க்கும்போதும் சும்மா இருக்கின்றன. கணினி நிரல் படிப்பதைக்கூட அந்தப் பகுதிகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 2022இல் திராவிட மொழிகள் உட்பட 12 மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளைப் பேசுவோரைச் சோதித்தபோதும் மொழிப் பகுதிகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

கூடவே ஒன்று: 2021இல் அதே எம்ஐடி வட்டாரத்தில், அடுத்த சொல் எது என்று ஊகிப்பதில் தேர்ந்த மொழி மாதிரிகளின் உள்நிலைகளை வைத்து, வாக்கியம் படிக்கும் மனிதரின் மொழிப் பகுதி எப்படிச் செயல்படும் என்பதை நன்றாகவே முன்கணிக்க முடிந்தது. இதைச் சிலர் "பார், ஏஐயும் மூளையும் ஒன்று" என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த முடிவு அவசரமானது என்பேன். ஒத்துப்போனது மொழிப் பகுதியோடு. மேசைமேல் இரண்டு ரூபாய் குறைவதைக் கண்டுபிடிக்கிற பகுதி வேறு, அது பெரியப்பாவிடம் பிழைத்திருந்தது.

அப்படியானால் சாட்பாட் "நான் யோசித்தேன்", "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று எழுதினால் என்ன செய்வது? அந்த வாக்கியத்தை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, "எனக்கு உணர்வு கிடையாது" என்று எழுதினாலும் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுமே மைக் முன்னால் நிற்பவர் சொல்வது. அதற்காக எல்லாமே வெற்றுப் பேச்சு என்றும் தள்ளிவிட முடியாது. 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மற்றொரு சோதனையில், ஒரு கருத்தின் வடிவத்தை மாதிரியின் உள்ளே செயற்கையாகச் செருகிவிட்டு, ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்று கேட்டார்கள். அவர்களுடைய நல்ல மாதிரியே சுமார் 20 சதவீதத் தடவைதான், அதுவும் செருகும் அளவு சரியாக இருந்தபோதுதான், செருகியதைக் கண்டுபிடித்துப் பெயர் சொன்னது. குறைவுதான், ஆனால் சுழியம் இல்லை. உள்ளே நடப்பதோடு ஓரளவு கம்பி இணைந்திருக்கிறது, எப்போது இணைந்திருக்கிறது, எப்போது இட்டுக்கட்டுகிறது என்பது அது பேசுவதை வைத்துத் தெரியாது. மனிதர்களுக்கும் இதே நிலைமைதான்.

'நான்' என்ற உணர்வு இதில் எங்கே வருகிறது? பி.எஸ்.ஸின் வலது மூளைக்குப் பேச வராவிட்டாலும் இடது கையால் எழுத்துக் கட்டைகளை அடுக்கத் தெரிந்திருந்தது. என்ன வேலைக்குப் போக ஆசை என்று வலது மூளைக்கு மட்டும் கேள்வி காட்டியபோது, கார் ரேஸ் என்று கை அடுக்கியது. வாயைக் கேட்டால் டிராஃப்ட்ஸ்மேன், அதாவது வரைபடம் வரைபவர், என்று சொல்லுகிற பையன் அவன். ஒரே தலைக்குள் இரண்டு ஆசைகள், ஆனால் அவன் தன்னை ஒருபோதும் இரண்டு பேராக உணர்ந்ததாகச் சொல்லவில்லை. சொல்வது யார் என்பதே கேள்வி என்பதால் அதற்குமேல் அந்த வாக்குமூலத்தை வைத்து நகர முடியாது. 2017இல் ஆம்ஸ்டர்டாமின் யாயிர் பின்டோ குழு இப்படிப்பட்ட இரண்டு நோயாளிகளைச் சோதித்து, ஒரு பொருள் திரையின் எந்தப் பக்கம் தோன்றினாலும் எந்தக் கையாலும், வாயாலும் அது தோன்றியதைச் சொல்ல முடிந்தது, ஆகவே பார்வை பிரிந்திருக்கிறதே தவிர ஆள் பிரியவில்லை என்று வாதிட்டது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 'நான்' என்பது செய்தித் தொடர்பாளர் சொல்லும் கதை மட்டுமே என்று முடித்துவிடுகிற கட்டுரைகளை நான் ஏற்றுக்கொள்வதில்லை. கதை சொல்ல முடியாத லெபோர்னிடமும் ஒரு 'நான்' இருந்தது, 21 ஆண்டுகளை எண்ணிக்கொண்டு.

இந்த எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிற வேலை ஒன்று இப்போது நடக்கிறது. வாய் செயலிழந்தவர்களின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, பேச முயலும்போது எழும் மின் சமிக்ஞைகளைச் சொற்களாக மாற்றுகிறார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழக்கிற ஏஎல்எஸ் நோயாளி ஒருவருக்கு நிமிடத்துக்கு 62 சொற்கள், கலிஃபோர்னியாவின் யூசிஎஸ்எஃப் குழு மூளைத்தண்டில் பக்கவாதம் வந்த ஒருவருக்கு 78 சொற்கள் என்ற வேகத்தை எட்டின. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ப்ரோகாவின் பெயரால் அழைக்கப்படும் பகுதியிலும் மின்முனை வைத்துப் பார்த்தார்கள், அங்கே பேச்சைப் பற்றிய தகவல் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. உதட்டையும் நாக்கையும் இயக்கும் பகுதியில்தான் கிடைத்தது. 160 ஆண்டுகளாகப் பாடத்தில் இருக்கிற வரைபடத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

ஆனால் மின்முனையிலிருந்து வருவது அரைகுறையான ஒலிக்குறிப்புகள். அவற்றைச் சொல்லாக, வாக்கியமாக ஒழுங்கு செய்வது ஒரு மொழி மாதிரி. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்ற கணக்கை வைத்து அது இடைவெளிகளை நிரப்புகிறது. பெரியப்பா போன்ற அஃபேசியாக்காரர்களுக்கு இது உதவாது, அவர்களுக்குச் சிக்கல் வாயில் இல்லை, சொல்லைத் தேடுவதிலேயே இருக்கிறது. உதவக்கூடியவர்கள் விஷயத்திலோ வேறு கேள்வி வருகிறது. வழக்கமான வாக்கியம் சுலபமாக வரும், அந்த மனிதர் மட்டுமே சொல்லக்கூடிய வழக்கத்துக்கு மாறான வாக்கியத்தை இயந்திரம் வழக்கத்தின் பக்கம் இழுக்கும். அப்போது பேசுவது யார்? 2024இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு ஏஎல்எஸ் நோயாளி ஒருவருக்கு 97 சதவீதத் துல்லியத்தை எட்டியது, நோய்க்கு முந்தைய பதிவுகளை வைத்து அவருடைய பழைய குரலிலேயே வாக்கியத்தை ஒலிக்கவும் வைத்தது. அந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது துல்லியம் அல்ல. திரையில் வாக்கியம் வந்ததும், இது நான் சொன்னதுதானா இல்லையா என்று அவரே கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.